2.3.0 திரும்பப் பெறப்பட்டது, ஏனென்றால்

ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு, மதியம் இரண்டு வரை வராது என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தான், படித்தேன், படித்துவிட்டு லேப்டாப்பைச் சார்ஜில் போட மறந்தேன், அதுதான் நான். அறுபத்தொரு சதவீதம் இருக்கிறது. ஒரு வரி எழுத அறுபத்தொரு சதவீதம் தாராளம், ஒரு நாவலே எழுதலாம், ஆனால் இந்த ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. 2.3.0 திரும்பப் பெறப்பட்டது, ஏனென்றால். அதுவரை எழுதியாயிற்று. ஏனென்றால் என்று எழுதின கையோடு அடுத்த சொல்லையும் எழுதிவிட வேண்டியதுதானே, அதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், பால்கனிக் கொடியில் காய்ந்த துணிகளை மடித்தேன், சட்டைக் காலரில் மஞ்சள் கறை போகவில்லை என்று கவலைப்பட்டேன், திரும்பி வந்தால் கர்சர் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது. மின்விசிறி இல்லாமல் பாளையங்கோட்டை வெயில் ஒன்பதரைக்கே முதுகில் ஏறுகிறது. கீழ்வீட்டில் யாரோ அம்மியில் தேங்காய் அரைக்கிறார்கள், மிக்ஸி ஓடாததால். கரண்ட் இல்லாவிட்டாலும் அவரவர் வேலை நடக்கத்தான் செய்கிறது. என் வேலைக்குக் கரண்ட் கூட வேண்டாம், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் போதும், அதற்குத்தான் தட்டுப்பாடு. துணிச்சலா, நேர்மையா, எது என்று யோசிக்கிறேன், அப்படி யோசிப்பதும் எழுதாமல் இருக்க ஒரு சாக்கு. ஐம்பத்தெட்டு சதவீதம்.

சின்ன விஷயம்தான், எடுத்துச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் நாகர்கோவில் ஞானதிரவியம் அண்ணாச்சியும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஆறு வருஷமாக ஓய்வு நேரத்தில் ஒரு மென்பொருளை இலவசமாகச் செய்து கொடுக்கிறோம், பெயர் வேளைச்சீட்டு. மருந்துக்கடையில் இருப்பவர் டாக்டர் எழுதியதை அப்படியே தட்டினால் போதும், பெரிய தமிழ் எழுத்தில் சீட்டு அச்சாகி வரும், மாத்திரை அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிடலாம். டாக்டர்கள் எழுதுகிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒன்று சைபர் ஒன்று என்றால் காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. சைபர் சைபர் ஒன்று என்றால் இரவு மட்டும். இதை வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காகத்தான் சீட்டில் சூரியன் படமும் நிலா படமும் போட்டோம், நிலாவை நான்தான் வரைந்தேன், பிறை கொஞ்சம் கோணலாகிவிட்டது, அண்ணாச்சி பரவாயில்லை என்றார். அவர் எதையும் பரவாயில்லை என்றுதான் சொல்வார். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், யார் மனதும் நோகாமல் கடிதம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் ஒவ்வொரு புதுப் பதிப்போடும் என்ன மாறியது என்று எழுதி வைக்கிற மாற்றக் குறிப்பை அவர் பொறுப்பில் விட்டோம். நான் நிரல் எழுதுவேன், அவர் தமிழ் எழுதுவார், பொருத்தமான ஏற்பாடு என்று பெருமைப்பட்டுக்கொண்டது நான்தான்.

சைபர்தான் என்னை மாட்டிவிட்டது. இல்லை, சைபர் ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்கு இருந்தது, நான்தான் அதைத் துடைத்துப் போட்டேன். சில கிளினிக்குகளிலிருந்து வருகிற விவரத்தில் முன்னால் வெறும் இடங்கள் சேர்ந்து வருகின்றன, சீட்டு கோணலாகிறது என்று ஒருவர் சொன்னார், முன்னால் இருக்கும் வெற்றிடத்தை எல்லாம் நீக்கு என்று ஒரு வரி எழுதினேன். எழுதுகிறபோது சைபரையும் சேர்த்துக்கொண்டேன். எண்ணுக்கு முன்னால் வருகிற சைபருக்கு மதிப்பில்லை என்று மூன்றாம் வகுப்பில் படித்தது கைக்குள் ஊறிக் கிடக்கிறது, கை தானாக எழுதிவிட்டது, கை மேல் பழி போடுகிறேன் பார். ஆக சைபர் சைபர் ஒன்று வந்தால் முன்னால் இருக்கும் இரண்டு சைபரும் போய், ஒன்று மட்டும் தனியாக நின்று, நேரே காலைக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நிலா இருக்க வேண்டிய இடத்தில் சூரியன். அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார்க்காமல் இல்லை, சோதித்தேன், என் தைராய்டு மாத்திரை ஒன்று சைபர் சைபர், இவருடைய பிரஷர் மாத்திரை ஒன்று சைபர் ஒன்று, இரண்டும் சரியாக வந்தன. எங்கள் வீட்டில் யாருக்கும் இரவு மட்டும் போடுகிற மாத்திரை கிடையாது. எங்கள் வீட்டு மருந்து டப்பாதான் உலகம் என்று நினைத்துக்கொண்டு போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு 2.3.0 என்று எண் போட்டு வெளியிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சிதான் ஒரு மாதிரிச் சீட்டைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார், வல்லி, இந்த நிலா எங்க போச்சு என்றார். அரை மணி நேரத்தில் பதிப்பைத் திரும்பப் பெற்றோம், மதியத்துக்குள் திருத்தி 2.3.1 போட்டோம். நடுவில் பத்தொன்பது மணி நேரம். நாற்பத்தொரு பேர் இறக்கியிருந்தார்கள்.

திரும்பப் பெறுவது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது, எனக்கே அன்று சரியாக உறைக்கவில்லை. கடைத் தட்டிலிருந்து ஒரு சரக்கை எடுத்துவிடுகிற மாதிரிதான் அது, இனி வருகிறவர்களுக்குக் கிடைக்காது, ஏற்கெனவே வாங்கிப் போனவர்கள் வீட்டில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். யார் வீட்டுக்கும் போய்ப் பிடுங்க முடியாது, யார் யார் என்றும் தெரியாது. மென்பொருளைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்று மஞ்சளில் ஒரு வரி வரும், ஏன் என்று அவர்களுக்குத் தெரிய ஒரே வழி அந்த மாற்றக் குறிப்பு. அதில் என்ன எழுதினோம்? 2.3.0, திரும்பப் பெறப்பட்டது. 2.3.1, சில சிறு மேம்பாடுகள். அவ்வளவுதான். அண்ணாச்சி எழுதி அனுப்பினார், நான் பார்த்தேன், சரி என்று கட்டைவிரல் படம் போட்டேன். சிறு மேம்பாடுகள். நிலாவைத் தொலைத்துவிட்டுக் கண்டுபிடித்து வைத்ததற்குப் பெயர் சிறு மேம்பாடு. தப்பு எங்கே என்று தெரிந்தும் எழுதாமல் விட்டது தப்பைவிடப் பெரிய தப்பு, இதை இன்றைக்குச் சொல்ல எனக்கு என்ன, பதினொரு நாள் கழித்துச் சொல்கிறேன்.

பதினொரு நாள் என்று கணக்குச் சொல்ல வைத்தது இந்தக் கடிதம். நேற்று சாயங்காலமே மெயிலில் வந்திருக்கிறது, நான் காலையில்தான் திறந்தேன். கடையநல்லூரில் ஒரு கிளினிக்கோடு சேர்ந்த மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், ரஹ்மத் நிஷா என்று பெயர் போட்டு, மதிப்பிற்குரிய குழுவினருக்கு என்று தொடங்கி எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறார். போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டோம், சில நாளாகத் திறக்கும்போது இந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது என்று மஞ்சளில் வருகிறது, உங்கள் குறிப்பைப் பார்த்தோம், காரணம் எதுவும் இல்லை, எங்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, மாற்ற வேண்டுமா, அப்படியே வைத்துக்கொள்ளலாமா, அவசரமில்லை, முடிந்தபோது தெரிவியுங்கள். கீழே போன் நம்பர். அவசரமில்லை என்ற சொல்லில் வந்து வந்து முட்டிக்கொள்கிறேன். அவருக்கு எப்படித் தெரியும் அவசரம் என்று? நான் சொல்லியிருந்தால்தானே தெரியும்? ஒரு நாளைக்கு நூறு சீட்டு அடித்து ஒட்டுகிற இடத்தில் யார் ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்பார்கள், கம்ப்யூட்டர் அடித்தது சரியாகத்தான் இருக்கும், அந்த நம்பிக்கைக்காகத்தானே ஆறு வருஷம் உழைத்தோம். நூறில் இரவு மட்டும் என்று எத்தனை இருக்கும், பத்து? ஐந்து என்றே வைத்துக்கொள், பதினொரு நாளைக்கு ஐம்பத்தைந்து பேர். அது ஒரு கடை. மற்ற கடைகள் கடிதம் எழுதவில்லை. மஞ்சள் எழுத்தைப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லாததால் காரணம் பெரிதாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். நாற்பத்தொன்பது சதவீதம்.

சரி, எழுது. சில சூழ்நிலைகளில் சீட்டின் வேளை விவரங்களில் ஏற்படக்கூடிய மாறுபாடு காரணமாக 2.3.0 திரும்பப் பெறப்பட்டது. படித்துப் பார்த்தால் கூட்டுறவு சங்கத்துச் சுற்றறிக்கை. ஏற்படக்கூடிய என்றால் என்ன, ஏற்பட்டது. சில சூழ்நிலைகள் என்றால் எந்தச் சூழ்நிலை? அழித்தேன். முன்னிலைச் சைபர்களைக் கையாள்வதில் இருந்த பிழை காரணமாக. இது உண்மை, ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, படிக்கிற நிஷாவுக்கு ஒன்றும் புரியாது, அதுதான் இதன் சௌகரியம். நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் புரிகிற உண்மையைச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று கை கழுவிக்கொள்ளலாம். அழித்தேன். பத்து மணிக்கு அண்ணாச்சிக்கு மெசேஜ் அனுப்பினேன், குறிப்பை மாற்றப் போகிறேன், காரணத்தை எழுதப் போகிறேன் என்று. இப்போதுதான் பதில் வருகிறது. திருத்திதான் விட்டோமே, இப்பம் எதுக்கு அதக் கிளறணும் என்கிறார். பிறகு இன்னொன்று, யாராவது கேஸ் போட்டாம்னா நாம ஆறு பேரும் என்ன செய்யது. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, உனக்கு ஆபீஸ்ல பிரச்சினை வராதா. கடைசியாகக் கேட்டதுதான் என்னை அசைத்துவிட்டது, மனிதர் என் மேல் அக்கறையாகக் கேட்கிறார், அந்த அக்கறைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஆபீசில் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் வெளியே எந்த மென்பொருளிலும் அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று இருக்கிறது. அனுமதி கேட்டேனா, கேட்கவில்லை, இலவசமாகச் செய்வதற்கு எதற்கு அனுமதி என்று. இதுவரை என் பெயர் எங்கும் இல்லை, குழு என்றுதான் இருக்கிறது. மருந்து விஷயத்தில் தப்பு என்று வெளியே வந்தால் முதலில் பெயரைத்தான் தேடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் இன்னொரு வேலை தேடப் போய் உட்கார்ந்தால் எதிரே இருபத்தைந்து வயதுப் பெண் கால் மேல் கால் போட்டு, போன வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கும், நான் என்ன சொல்வேன், சிறு மேம்பாடுகள் என்பேனா?

காரணம் சொல்லாமல் திரும்பப் பெறுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. எனக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும். இருபத்துநான்கு வயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து பார்த்தார்கள், பூ வைத்தார்கள், நிச்சயத்துக்கு நாள் குறித்து மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று, பத்து நாள் இருக்கும்போது தரகர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, அவங்க சரிப்பட்டு வராதுன்னு சொல்லிட்டாங்க என்றார். அவ்வளவுதான். அப்பா ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் இன்னும் கேவலம் என்று நினைத்தாரோ என்னவோ, காபி கொடுத்து அனுப்பினார்கள் அவரை. நான்கு வருஷம் நான் காரணத்தைத் தேடினேன். பல் எத்தலாக இருப்பதால் என்று கொஞ்ச நாள், வாயைத் திறந்து சிரிப்பதை விட்டேன். அந்தப் பையன் ஏதோ கணக்கைத் தப்பாகக் கூட்டிச் சொன்னதை நான் திருத்தினேனே, அதனால் என்று கொஞ்ச நாள், யார் தப்பாகச் சொன்னாலும் தலையாட்டப் பழகினேன். குரல், நிறம், ஜாதகம், அக்கா வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தது, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். உண்மையான காரணம் ஒன்றுமே இல்லாத ஏதாவதாக இருந்திருக்கும், அந்தப் பையனுக்கு வேறு பெண்ணைப் பிடித்திருக்கும், அதைச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இன்றுவரை தெரியாது. இவரைக் கல்யாணம் செய்து பதினாறு வருஷம் ஆகிறது, நல்ல மனிதர், இப்போதுகூட மார்க்கெட்டுக்குத்தான் போயிருக்கிறார், ஆனாலும் போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொள்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் கட்டைவிரல் போட்டேன். நான் ரொம்பக் கெட்டவள் இல்லை, பயந்தவள், ஆனால் எதிரே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்து சேர்கிறது. முப்பத்தெட்டு சதவீதம், பத்தரை.

இரவு போடுகிற மாத்திரைகள் எவை எவை? கொழுப்புக்கு உள்ளது, அதைக் காலையில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எங்கோ படித்தேன், படித்தேனா, இல்லை ஆறுதலுக்கு நினைத்துக்கொள்கிறேனா. சளிக்கும் அரிப்புக்கும் கொடுப்பது தூக்கம் வரும். நரம்பு வலிக்குக் கொடுப்பது தூக்கம் வரும். தூக்கத்துக்கே கொடுப்பது, கேட்கவே வேண்டாம். கடையநல்லூரிலிருந்து தென்காசி போகிற சாலை கண்ணுக்குள் வருகிறது, ஒரு டவுன் பஸ், டிரைவருக்கு நாலு நாளாக உடம்பெல்லாம் தடிப்பு, காலையில் சூரியன் படம் பார்த்து மாத்திரை போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறார், இல்லை, அந்தப் படத்தை நிறுத்து, அங்கே போகாதே. நிறுத்தினால் வேறொன்று வருகிறது, மாடிப்படி, கிணற்றடி, அடுப்பு. ஏதாவது நடந்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும் என்று மனது சமாதானம் சொல்கிறது. பேப்பரில் எப்படி வரும், டிரைவர் கண்ணயர்ந்ததால் என்று வரும், பெரியவர் கால் தவறி விழுந்தார் என்று வரும், வேளைச்சீட்டு பதிப்பு இரண்டு புள்ளி மூன்று என்றா போடுவான். இந்த நினைப்பு வந்ததும் உள்ளங்கை வேர்த்து விசைப்பலகை வழுக்கியது, ஏனென்றால் என்பதற்குப் பக்கத்தில் வரிசையாகக் கமா விழுந்துவிட்டது. அதை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கும்போதுதான் வேறொன்று உறைத்தது. கடிதத்தை நான் படித்தது ஒன்பது மணிக்கு. இப்போது மணி பத்து ஐம்பது. கடையநல்லூரில் இதற்குள் எல்லோரும் காலைச் சாப்பாடு முடித்து மாத்திரையும் போட்டிருப்பார்கள். ஒன்பது மணிக்கே போன் செய்திருந்தால் இரண்டு பேராவது இன்று போடாமல் இருந்திருப்பார்கள். போன் நம்பர் கடிதத்தில் இருந்தது. முதல் தடவை படிக்கும்போதே பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் முதலில் எல்லோருக்குமாக ஒரு நல்ல வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லோருக்குமாக என்பது எவ்வளவு நல்ல மறைவிடம்.

எண்ணை அழுத்தும்போது எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டிக்கொண்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். வேளைச்சீட்டுக் குழுவிலிருந்து பேசுகிறேன் என்றேன், பெயர் சொல்லவில்லை. மெயிலில் பதில் வரும் என்று நினைத்தேன், நீங்களே கூப்பிட்டுவிட்டீர்களே என்று சந்தோஷப்பட்டார், இளம் குரல், சனிக்கிழமை கடைக்குப் பதினொன்றரைக்குப் போனால் போதும், வீட்டில்தான் இருக்கிறேன், சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்றால், சில சூழ்நிலைகளில் முன்னால் வருகிற சைபர்களைக் கையாள்வதில் ஒரு சிறிய மாறுபாடு, என்று அழித்துப் போட்ட இரண்டு வரிகளையும் சேர்த்து வாயால் சொன்னேன். இரண்டு மணி நேரம் அழித்தது வீணாகவில்லை, எல்லாம் வாயில் பத்திரமாக இருந்தது. அவர் சரிங்க மேடம் என்றார். பிறகு கொஞ்சம் பொறுங்கள் என்றார். ஒரு கோழி கொக்கரிப்பதும் யாரோ பாத்திரத்தை நகர்த்துவதும் கேட்டது. அந்தப் பெண் மனதுக்குள் எழுதிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என்னை விடப் புத்திசாலி, அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டாள்.

"மேடம், சைபர் சைபர் ஒண்ணுன்னு நான் அடிச்சா, அது காலைலன்னு விழுமா?"

ஆமாம் என்றேன். இந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவு நேரம்.

"எங்க வாப்பாக்கு கால் எரிச்சலுக்கு ஒரு மாத்திரை மேடம். ராத்திரிக்கு மட்டும். போன வாரம் புதன்கிழமை நான்தான் சீட்டு அடிச்சு ஒட்டிக் கொண்டாந்தேன்."

பிறகு அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உம்மா சீட்டைப் பார்த்துத் தினமும் இடியாப்பத்துக்குப் பிறகு அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். வாப்பா பத்து நாளாகக் காலைச் சாப்பாடு முடிந்ததும் சாய்ந்தால் சாயங்காலத் தொழுகைக்கு, அசருக்குத்தான் எழுந்திருக்கிறார். மதியத்து லுஹர் தொழுகை ஒரு நாளும் இல்லை. ஐம்பது வருஷமாக ஜும்ஆ தொழுகை விடாதவர், இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது, நேற்று எழுந்ததும் மணியைப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறார். இரவில் கால் எரிகிறது என்று தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார், அது வயதான கோளாறு, பகலையும் இரவையும் மாற்றிவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. அண்ணன் துபாயிலிருந்து, தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், திங்கட்கிழமை திருநெல்வேலிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருக்கிறான். எனக்கு நேரம் வந்துட்டு என்று அவரே சொல்லி, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறார். இதையெல்லாம் அவள் என்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகிறது, நடுநடுவே நான்லா அடிச்சேன், நான்லா ஒட்டினேன் என்கிறாள். அந்த ‘நான்’தான் என்னைக் கொன்றது. நான் எழுதாமல் விட்ட இடத்தில் இந்தப் பெண் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"நீ இல்லம்மா," என்றேன். மேடம், குழு, மாறுபாடு எல்லாம் போய்விட்டது. "நீ சரியாத்தான் அடிச்ச. தப்பா எழுதினது நான். எம் பேரு சொர்ணவல்லி."

அவள் அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு மருந்துக்கடைக்காரியாகிவிட்டாள். கடைக்குப் போனதும் பழைய பில்லை எல்லாம் எடுத்து ராத்திரி மாத்திரை உள்ளவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவதாகவும், இன்று காலை போட்டவர்கள் ராத்திரி மறுபடி போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். எனக்குத் தோன்றாதது எல்லாம் அவளுக்குத் தோன்றியது. பிறகு கேட்டாள்.

"நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும்? எல்லாரும் வயசான ஆளுவ மேடம். ரெண்டு வரில சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். அப்படியே சொல்லிருவேன்."

நான் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. சொன்னேன், நிறுத்தி நிறுத்தி, அவள் எழுதுவதற்காக.

"ராத்திரி மட்டும் போட வேண்டிய மாத்திரைய, எங்க மென்பொருள் சீட்டுல காலைலன்னு தப்பா அடிச்சிருக்கு. போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குப் பொறவு வாங்குன சீட்டை நம்பாதீங்க, டாக்டர் எழுதுனதப் பாருங்க. பகல்ல தூக்கம் தூக்கமா வந்தா அது உங்க வயசு இல்ல, இந்தத் தப்பா இருக்கலாம், டாக்டர்கிட்ட கேளுங்க."

அவள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். யாரு தப்புன்னு கேட்டா என்று தயங்கினாள், என் பேரையும் நம்பரையும் கொடு என்றேன். போனை வைக்காதீங்க மேடம் என்றாள். நடக்கிற சத்தம், ஒரு கதவு, பிறகு தணிந்த குரலில் வாப்பா, வாப்பா, எந்திரிங்க, இதக் கொஞ்சம் கேளுங்க என்றாள். நான் சொன்னதை அவள் படித்தாள், பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பது போல நிதானமாக. என் வாயிலிருந்து வந்ததுதான், அங்கே அந்த அறைக்குள் கேட்கும்போது எனக்குக் காது சுட்டது. கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆண் குரல், தூரத்திலிருந்து.

"அப்பம் எனக்கு ஒண்ணும் இல்லியா?"

அவள் இல்லை வாப்பா என்றாள். அவர் மறுபடியும் அதையே கேட்டார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. அவள் மறுபடியும் இல்லை என்றாள். எனக்குக் கேட்க முடியவில்லை, ஆனாலும் போனை வைக்கவில்லை, கேட்க வேண்டியது நான்தான். உம்மாவின் குரல் என்னவோ சொல்லிக்கொண்டே உள்ளே வந்தது, மூன்று குரலும் கலந்துவிட்டன. பிறகு நிஷா அவசரமாக எடுத்து, வைக்கேன் மேடம், ஆள்களுக்குச் சொல்லணும்லா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இருபத்திரண்டு சதவீதம். ஏனென்றால் என்பதற்குப் பக்கத்தில் அவளுக்குச் சொன்னதையே எழுதினேன். மேலே முதல் வரியாக, 2.3.0 வைத்திருப்பவர்கள் இன்றே 2.3.1-க்கு மாறவும், அதுவரை சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டாம், கொடுத்துவிட்ட சீட்டுகளுக்கு உரியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் என்று சேர்த்தேன். 2.3.1-க்கு நேரே இருந்த சிறு மேம்பாடுகளை அழித்துவிட்டு, மேலே சொன்ன தவறு திருத்தப்பட்டது என்று போட்டேன். பதினொரு நாள் காரணம் சொல்லாமல் இருந்தோம், அதுவும் எங்கள் தவறு என்று ஒரு வரி. அண்ணாச்சியிடமிருந்து இன்னொரு மெசேஜ் வந்து திரையோரத்தில் நின்றது, திறக்கவில்லை, எழுதி முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம். குழு என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன், பக்கத்தில் போன் நம்பர். நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தேன், வெளியிட்டேன். பிறகு போனை மேசை மேல் எனக்கு எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.